அகராதியின் அடுத்த பதிப்பு எங்கே? – அடையாற்று வாசகர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ் வளர்ச்சித் துறை, சென்னைப் பல்கலைக்கழகம், செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககம், தமிழ் இணையக் கல்விக்கழகம், பொது நூலக இயக்ககம், தமிழ் அகராதிகளை வெளியிடும் பதிப்பகத்தார் அனைவரும்.

அடையாறு, பெசன்ட் நகர், கோட்டூர்புரம், திருவான்மியூர் பகுதிகளில் வசிக்கும் வாசகர்கள் நாங்கள். எங்களில் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், மெய்ப்புத் திருத்துபவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற பிறகு சங்க இலக்கியம் படிக்கத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். அகராதியைப் புரட்டாமல் எங்களுக்கு ஒரு நாள் போவதில்லை. அந்த உரிமையில்தான் இந்தச் சாசனத்தை உங்கள் முன் வைக்கிறோம்.

எங்கள் பேட்டைக்கும் அகராதிக்கும் நெருங்கிய உறவு உண்டு. தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்ட க்ரியா பதிப்பகம் பின்னாளில் திருவான்மியூரில் இருந்துதான் இயங்கியது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இருக்கின்றன. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல் நிலையம், பிரம்மஞான சபையின் தோப்புக்குள் 1886இல் தொடங்கிய அடையாறு நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சொல்லைத் தேடுகிறவனுக்கு இதைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் இல்லை. இத்தனை நிறுவனங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, இன்றைய தமிழுக்கான அகராதியின் அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று கேட்டால் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய பொறுப்பு யாருக்கு என்பதும் தெளிவாக இல்லை. இந்தச் சாசனத்துக்குக் காரணம் அதுதான்.

தமிழில் அகராதி ஒரு தனி மனிதரின் ஒரே மூச்சில் முடிந்த வரலாறு கிடையாது. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காக வகுத்து அமைத்தார். ஃபெப்ரிசியஸ் 1779இல் வேப்பேரியில் அச்சிட்ட அகராதி அவர் காலத்தோடு நிற்கவில்லை. தரங்கம்பாடியில் திருத்தப்பட்டு, விரிக்கப்பட்டு, 1972இல் நான்காம் பதிப்பு வரை வந்தது. யாழ்ப்பாணத்தில் நைட் தொடங்கிவைத்த சேகரத்தின் மேல் நின்று வின்சுலோ 1862இல் சென்னையில் தம் பேரகராதியை முடித்தார். அந்த வின்சுலோவைத் திருத்தி விரிக்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டார். அப்படித்தான் இந்த வேலை நடந்திருக்கிறது.

லெக்சிகனின் கதையை உங்களில் பலர் அறிவீர்கள், ஆனாலும் நினைவூட்டுகிறோம். 1913இல் சாண்ட்லர் தலைமையில் வேலை தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாயில் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டார்கள். முடியும்போது செலவு 4,10,000 ரூபாய். முதல் பகுதி 1924இல் வந்தது. 1926இல் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை 1936க்குள் ஆறு தொகுதிகளையும் முடித்தார். அத்துடன் ஓய்ந்துவிடாமல், விட்டுப்போனவற்றையெல்லாம் சேர்த்து 1939இல் அனுபந்தத் தொகுதியையும் கொண்டுவந்தார்கள். ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள். அனுபந்தத்தில் மட்டும் 13,357. கடைசித் தொகுதி அச்சாகி மூன்றே ஆண்டுகளில் பதின்மூவாயிரம் சொற்கள் விட்டுப்போயின என்று கூசாமல் ஒப்புக்கொண்டு, அவற்றை அச்சிட்டும் கொடுத்தார்கள். அகராதிக்காரர்களின் நேர்மை என்று நாங்கள் மதிப்பது இதைத்தான். அந்த நேர்மை 1939க்குப் பிறகும் தொடர்ந்திருக்க வேண்டும்.

லெக்சிகனின் சொற்பிறப்புக் குறிப்புகளை ஏற்காத தேவநேயப் பாவாணர் தனி வழி கண்டார். அவருக்காக 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிக்கென ஓர் இயக்ககமே அமைத்தது. முதல் மடலத்தின் முதல் பகுதி 1985இல் வந்தபோது பாவாணர் உயிரோடு இல்லை, 1981இலேயே மறைந்துவிட்டார். 2011இல்தான் அந்தப் பணி நிறைவுற்றது. கருத்து வேறுபாடு எதுவானாலும், முப்பத்தேழு ஆண்டுகள் ஒரு வேலையைக் கைவிடாமல் நடத்திய அரசு என்ற பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. அந்தப் பெருமையை முன்வைத்தே கேட்கிறோம்.

இனி, க்ரியா. 1974இல் எஸ். ராமகிருஷ்ணனும் ஜெயலட்சுமியும் தொடங்கிய ஒரு சிறிய பதிப்பகம், பல்கலைக்கழகங்கள் செய்யாத ஒன்றைச் செய்தது: இன்று எழுதப்படும் தமிழுக்கு, எழுத்தில் புழங்கும் சொற்களைத் திரட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்து ஓர் அகராதி. பா.ரா. சுப்பிரமணியன் முதன்மை ஆசிரியராகவும் இ. அண்ணாமலை ஆசிரியர் குழுத் தலைவராகவும் இருந்து, 1992இல் ஏறத்தாழ 16,000 தலைச்சொற்களுடன் முதல் பதிப்பு வந்தது. 2008இல் இரண்டாம் பதிப்பு. தலைச்சொற்கள் 20,000ஐத் தாண்டின, இலங்கைத் தமிழ் வழக்குகளும் உள்ளே வந்தன. 2020இல் மூன்றாம் பதிப்பு. அந்த ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி ராமகிருஷ்ணன் கொரோனாத் தொற்றால் காலமானார்.

மூன்று பதிப்புகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடந்திருப்பது சொற்களைக் கூட்டும் வேலை மட்டும் இல்லை. முதல் பதிப்பு வந்தபோது இந்தியாவில் செல்போன் சேவையே கிடையாது. அது 1995இல்தான் வந்தது. அதனால் 1992இன் தமிழில் ‘எண்’, ‘அழைப்பு’, ‘செய்தி’ என்ற சொற்கள் சுமந்த பொருள் வேறு, இன்று சுமக்கும் பொருள் வேறு. சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்கும் சின்னஞ்சிறு வழக்குக் குறிகளைப் பாருங்கள்: உயர் வழக்கு, பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, அருகிவரும் வழக்கு. ஒரு சொல் முதல் பதிப்பில் குறி ஏதும் இல்லாமல் நின்று, பின்னால் வந்த பதிப்பில் ‘அருகிவரும் வழக்கு’ என்ற குறியைப் பெறுமானால், அந்தச் சொல் நம் வாயிலிருந்து நழுவிய காலம் அங்கே பதிவாகிறது. வேறு எந்த ஆவணமும் இதை நமக்குச் சொல்லாது. ஒரு பதிப்பை மட்டும் வைத்திருப்பவருக்கும் இது கிடைக்காது. பதிப்புகள் வரிசையாக வேண்டும். ஒவ்வொன்றும் ஆண்டு குறிக்கப்பட்டு, மாற்றப்படாமல் வேண்டும்.

இந்த நிலையில் எங்கள் கோரிக்கைகள்:

1. தற்காலத் தமிழ் அகராதிக்கு நிலையான ஆசிரியர் குழு

மற்றெல்லாக் கோரிக்கைகளுக்கும் வேர் இதுதான். க்ரியா அகராதியின் முதல் பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் இடையில் 16 ஆண்டுகள்; இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் 12 ஆண்டுகள். ஒரு தனியார் பதிப்பகம் தன் கைப்பொருளையும் நன்கொடைகளையும் நம்பி இந்த அளவு செய்ததே பெரிது. தனி மனிதர் ஒருவரின் விடாப்பிடியை நம்பி ஒரு மொழியின் அகராதி இருக்கக் கூடாது. அவர் போன பின்பும் வேலை நடக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது, முழுமை பெற்றது 1928இல், இரண்டாம் பதிப்பு 1989இல். 2000 முதல் இணையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். பிரெஞ்சு அகாதமி 1694இல் முதல் பதிப்பு கொண்டுவந்தது. ஒன்பதாம் பதிப்பை 2024இல் முடித்தது. ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக மாறியிருக்கிறார்கள், ஆனாலும் வேலை கைவிடப்படவில்லை.

தமிழக அரசு நிலையான நிதியுடன் ஒரு குழுவை அமைக்க வேண்டும். அகராதியியலில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், கணினி மொழியியலாளர்கள், துறை அறிஞர்கள் அதில் முழுநேர ஊதியத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படும் தற்காலிகப் பணியாளர்களை வைத்து அகராதி செய்ய முடியாது. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதக் கற்றுக்கொள்ளவே ஒருவருக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். பத்தாண்டுக்கு ஒரு முழுப் பதிப்பு, இடையில் ஆண்டுதோறும் புதுச்சொல் இணைப்பு என்பது குறைந்தபட்ச அளவு. நிதி கொடுப்பவர்கள் எந்தச் சொல் உள்ளே வரலாம், எது கூடாது என்பதில் தலையிடக் கூடாது என்பதை அரசாணையிலேயே எழுத வேண்டும்.

க்ரியாவின் உழைப்பை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த அகராதி அவர்களுடையது. நான்காம் பதிப்புக்கு அவர்கள் முனைந்தால் நூலகங்களுக்கான முன்கொள்முதல் மூலமாகவும் நிபந்தனையற்ற உதவித்தொகை மூலமாகவும் அரசு துணை நிற்க வேண்டும் என்று கேட்கிறோம். இரண்டு நல்ல அகராதிகள் போட்டி போட்டால் தமிழுக்கு நட்டம் இல்லை.

2. லெக்சிகன் திருத்தப் பதிப்பின் நிலை

சென்னைப் பல்கலைக்கழகம் லெக்சிகனைத் திருத்தி விரிவாக்கும் பணியை இந்த நூற்றாண்டில் மீண்டும் கையில் எடுத்தது. அதில் எந்த எழுத்து வரை முடிந்திருக்கிறது, எத்தனை தொகுதிகள் வரவேண்டும், எப்போது வரும் என்பதைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

3. பழைய பதிப்புகள் அனைத்தும் பொதுநூலகங்களில்

புதுப்பதிப்பு வந்ததும் பழையதைக் கழித்துக்கட்டும் பழக்கம் நூலகங்களில் இருக்கிறது. பாடப்புத்தகத்துக்கு அது சரி, அகராதிக்குச் சரிப்படாது. சதுரகராதியின் அச்சுப் பதிப்புகள், 1842இன் மானிப்பாய் அகராதி, வின்சுலோ, ஃபெப்ரிசியஸ் அகராதியின் எல்லாப் பதிப்புகள், கதிரைவேற் பிள்ளை அகராதி, லெக்சிகனும் அனுபந்தமும், அ. சிதம்பரநாதன் செட்டியார் 1960களில் பதிப்பித்த பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ் அகராதி, க்ரியாவின் மூன்று பதிப்புகள் – இவை ஒரே அடுக்கில் வரிசையாக நிற்கும் தனிப் பிரிவு அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் வேண்டும். அகராதிகளைக் ‘கழிவு’ப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று பொது நூலக இயக்ககம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். செலவில்லாத வேலை இது.

4. இணையத்தில் ஆண்டும் பதிப்பும் தெரிய வேண்டும்

லெக்சிகனை அச்சில் திறந்தவர்களுக்கு ஒரு பதிவின் உருவம் தெரியும். தமிழில் தலைச்சொல், ரோமன் எழுத்தில் ஒலிபெயர்ப்பு, இலக்கண வகை, சொற்பிறப்பு, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், எந்த நூலில் வந்தது என்ற மேற்கோள், வட்டாரச் சொல்லானால் யாழ்ப்பாணமா, நாஞ்சில் நாடா, திருநெல்வேலியா, கோயம்புத்தூரா என்று சொல்லும் சுருக்கக் குறி. நாலு வரிக்குள் இத்தனையும் நிற்கும். இணையத்தில் பல இடங்களில் இந்தப் பதிவை நகலெடுத்துப் போடும்போது முதலில் காணாமல் போவது ஊர்க்குறியும் மேற்கோளும்தான், அடுத்தது ஆண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய பொருள் இன்றைய பொருளைப் போல மாணவர் கண்முன் நிற்கிறது. அனுபந்தத்தில் உள்ள சொல்லைத் தேடுகிறவர் ஆறு தொகுதிகளில் மட்டும் பார்த்துவிட்டு, தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று முடிவு கட்டுகிறார்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுச்சொத்தாகிவிட்ட அகராதிகள் அனைத்தையும் முன்னுரையோடும் குறிவிளக்கப் பட்டியலோடும், பக்கத்தின் படமும் தேடக்கூடிய எழுத்தும் சேர்த்து, ஆண்டுவாரியாக வெளியிட வேண்டும். ஒரு சொல்லைத் தட்டினால் 1862இல் என்ன, 1924–39இல் என்ன, இன்று என்ன என்று கீழே கீழே வர வேண்டும். அரசுப் பணத்தில் உருவான அகராதிகளை யாரும் தடையின்றித் தரவிறக்கவும் மறுபயன்பாடு செய்யவும் உரிமம் தர வேண்டும்.

5. தவறான பொருளைத் திருத்துங்கள்; பழைய பக்கத்தை அழிக்காதீர்கள்

இது எங்களுக்குள்ளேயே நீண்ட விவாதத்துக்குப் பிறகு எழுதிய கோரிக்கை. சாதிகளைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் பழைய அகராதிகளில் உள்ள சில விளக்கங்கள் இன்று வாசிக்கவே கூசுபவை. அவற்றை நீக்கிவிடுங்கள் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. அந்தச் சொற்களால் ஏசப்பட்டவர்களின் கோபம் அது. ஆனாலும் அழித்துவிட்டால், அப்படி எழுதினார்கள் என்பதற்கான சாட்சியும் அழிந்துவிடும். ஆகவே இரண்டாகப் பிரித்துக் கேட்கிறோம். புதுப்பதிப்பில் அத்தகைய ஒவ்வொரு பதிவும் மறு ஆய்வுக்கு உள்ளாக வேண்டும். இழிசொல்லானால் இழிசொல் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். ஆய்வுக் குழுவில் அந்தச் சமூகங்களைச் சேர்ந்த அறிஞர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய பதிப்பு ஓர் எழுத்தும் மாறாமல், மேலே ஓர் எச்சரிக்கைக் குறிப்புடன் அப்படியே இருக்க வேண்டும்.

‘கொச்சை’ என்ற குறியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். யாருடைய பேச்சு கொச்சை என்று யார் முடிவு செய்தார்கள்? சென்னைத் தமிழைப் பேசுகிறவர்கள் இந்த ஊரைக் கட்டியவர்கள், ஓட்டுகிறவர்கள், துப்புரவாக வைத்திருப்பவர்கள். அவர்கள் பேச்சுக்கு வட்டார வழக்கு என்ற மதிப்பான பெயர் இருக்கும்போது கொச்சை என்ற முத்திரை வேண்டியதில்லை.

6. அச்சில் ஏறாத சொற்களுக்கும் இடம்

பெசன்ட் நகர் கடற்கரையில் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு அது வெறும் கடல்காற்று. ஊரூர் குப்பத்திலும் ஆல்காட் குப்பத்திலும் உள்ள மீனவர்களுக்கு அது எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கேற்ற பெயருள்ள காற்று: வாடை, கச்சான், கொண்டல். கடலுக்குள் ஓடும் நீருக்கும் தெண்டி, வன்னி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தக் காற்றோடு எந்த நீரோட்டம் சேர்ந்தால் எந்த மீன் கிட்டும், எப்போது வலை இறக்கக் கூடாது என்ற அறிவு முழுவதும் அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது. எழுத்தில் உள்ளதை மட்டும் திரட்டும் அகராதிக்குள் இவர்கள் வர மாட்டார்கள். ஏனென்றால் இவர்கள் எழுதுவதில்லை. அடுத்த பதிப்பின் சொல்வங்கியில் பேச்சுப் பதிவுகளும் சேர வேண்டும். மீனவர், தறிக்காரர், கொத்தனார், நெல் விவசாயி, மலையகத் தேயிலைத் தொழிலாளி, சிங்கப்பூர் மலேசியத் தமிழர் என்று ஒவ்வொருவர் வாய்ச்சொல்லையும் ஒலியாகப் பதிந்து, ஊரும் ஆண்டும் குறித்துச் சேர்க்க வேண்டும். தகவல் தருபவர்களுக்கு அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் தர வேண்டும். முன்னுரையில் அவர்கள் விரும்பினால் பெயர் போட வேண்டும்.

7. சொல்லட்டைகளும் தரவுகளும்

அகராதி அச்சானதும் அதற்குப் பின்னால் இருந்த சொல்லட்டைகள், விவாதக் குறிப்புகள், நிராகரித்த சொற்களின் பட்டியல், கணினிக் கோப்புகள் எல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டுக் கரையான் அரிக்கின்றன. இவற்றை ஓர் ஆவணக்காப்பகத்தில் ஒப்படைத்த பிறகே திட்டம் முடிந்ததாகக் கணக்கு முடிக்க வேண்டும்.

8. ஒவ்வொரு பதிப்பிலும் வரவு செலவுக் கணக்கு

பணத்தைச் சொல்லவில்லை. எந்தச் சொற்கள் புதிதாக வந்தன, எவை விலக்கப்பட்டன, எவற்றின் பொருளோ குறியோ மாறியது என்ற பட்டியலைப் பதிப்பகத்தார் அனைவரும் ஒவ்வொரு பதிப்பின் பின்னிணைப்பாகவோ இணையத்திலோ தர வேண்டும். மறு அச்சுக்கும் மறு பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தலைப்புப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். எழுத்து மாறாத மறு அச்சைப் ‘புதிய பதிப்பு’ என்று விற்பது மாணவர்களை ஏமாற்றுவது.

9. பள்ளிகளுக்கு

ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு தற்காலத் தமிழ் அகராதி. அகராதி பார்க்கக் கற்றுக்கொடுக்க வாரம் ஒரு பாடவேளை. பல்கலைக்கழகங்களில் அகராதியியலுக்குத் தனிப் பட்டப்படிப்பு.

10. வாசகர் சொல்லுக்குப் பதில்

விடுபட்ட சொல், பிழையான பொருள் பற்றி யார் எழுதினாலும், அஞ்சலட்டையானாலும் மின்னஞ்சலானாலும், மூன்று மாதத்துக்குள் ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை, காரணம் இது என்று பதில் வர வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். மூன்றாவது, எட்டாவது, பத்தாவது கோரிக்கைகளை இந்த ஆண்டே தொடங்கலாம். அவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. முதல் கோரிக்கைக்கு வரும் நிதிநிலை அறிக்கையில் ஒரு தலைப்பு ஒதுக்க வேண்டும். 2020க்குப் பின் இன்னொரு பன்னிரண்டு ஆண்டு என்றால் 2032 ஆகிவிடும். குழு இன்று அமைந்தால்தான் அந்த ஆண்டுக்குள் ஒரு முழுப் பதிப்பு கைக்கு வரும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய அகராதி கிடந்தால், அட்டை போயிருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். தலைப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டைப் பார்த்து, அருகிலுள்ள ஆய்வு நூலகத்தைக் கேளுங்கள். அவர்களிடம் அந்தப் பதிப்பு இல்லாமல் இருக்கலாம். உங்கள் பாட்டி சொன்ன, எந்த அகராதியிலும் காணாத சொல் இருந்தால், பொருளோடும் ஊரோடும் அவர் சொன்ன வாக்கியத்தோடும் எழுதி வையுங்கள். இந்தச் சாசனத்தில் கையெழுத்திட விரும்புபவர்கள் தத்தம் ஊரிலிருந்தே இதைப் படியெடுத்து, தங்கள் ஊர்ச் சொற்களைச் சேர்த்து, மேலே குறித்த அலுவலகங்களுக்கு நேரே அனுப்பலாம்.

வீரமாமுனிவரின் பிறந்த நாளான நவம்பர் 8ஐத் தமிழ் அகராதியியல் நாளாகத் தமிழக அரசு கொண்டாடிவருகிறது. வரும் நவம்பர் 8 அன்று மேடையில் விருதுகளோடு சேர்த்து, இந்தப் பத்துக் கோரிக்கைகளுக்கும் எழுத்துப்பூர்வமான பதிலையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அடையாறு வட்டார அகராதி வாசகர்கள்